ஆட்டுக்கு ரசீது உண்டா?

வெள்ளிக்கிழமை என்றால் ஒடுகத்தூரில் ஆடு. பொழுது விடியுமுன்பே மலையடிவாரத்து ஊர்களிலிருந்தும், மேலே பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லைப் பக்கங்களிலிருந்தும் ஆடுகள் வந்து இறங்கத் தொடங்கிவிடும். வாங்குவதற்கு வேலூர், ஆம்பூர், குடியாத்தத்துக் கறிக்கடைக்காரர்கள், எல்லை தாண்டி வரும் ஆந்திர, கர்நாடக வியாபாரிகள். வாயைப் பிளந்து பல் பார்ப்பார்கள். முதுகைத் தடவிக் கறி எத்தனை கிலோ நிற்கும் என்று மனசுக்குள் எடை போடுவார்கள். ஐந்நூறு ரூபாய் குறைப்பதற்காக, வேண்டாம் என்று நடந்து போய், பத்தடியில் திரும்பி வருவார்கள். கடைசியில் கை மாறுவது ரொக்கம். இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஆடுதான் வைப்பு நிதி. போடுகிற குட்டிதான் வட்டி. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம், கிழவிக்கு ஆஸ்பத்திரிச் செலவு, உரக்கடைப் பாக்கி எல்லாம் நாலு காலில் நடந்துதான் சந்தைக்கு வருகின்றன.

தேர்தல் அறிவிப்பு வந்தால் இந்தச் சந்தைக்கு ஜுரம் வந்துவிடும். ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பறிமுதல் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. சாலைத் திருப்பத்தில் பறக்கும் படை, இன்னொரு திருப்பத்தில் நிலையான கண்காணிப்புக் குழு, கையில் வீடியோ கேமரா. நல்ல கிடாயாக நாலைந்து வாங்கப் புறப்பட்டாலே 50,000 தாண்டிவிடும். அப்புறம் நடக்கிற பேச்சு எல்லாத் தேர்தலிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

“இன்னா பணம் இது?”

“ஆடு வாங்கப் போறேன் சார்.”

“டாக்குமெண்ட் இருக்கா?”

“சந்தையில ஆடு வாங்க இன்னா சார் டாக்குமெண்ட்டு?”

“போன வாரம் வித்த பில்லாவது காட்டு.”

“ஆடு பில்லு போடாது சார். புழுக்கதான் போடும்.”

சிரித்துவிட்டு விட்டுவிடுகிற அதிகாரிகளும் உண்டு. விடாவிட்டால் பணம் கருவூலத்துக்குப் போகும். மாவட்ட அளவில் ஒரு குழு இருக்கிறது. அதனிடம் முறையிட்டு, வங்கியில் எடுத்த சீட்டு, கொள்முதல் ரசீது இன்ன பிற காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். நேர்மையான ஏற்பாடு. ஒரே ஒரு குறை: அந்த வெள்ளிக்கிழமை போய்விட்டிருக்கும். ஆட்டை விற்க வந்தவன் வாங்க ஆளில்லாமல் மறுபடி மலையேறியிருப்பான். அவனுடைய நஷ்டத்துக்கு முறையிட எந்தக் குழுவும் இல்லை. அவனிடமிருந்துதான் எதையும் பறிமுதல் செய்யவில்லையே!

இப்படி ஊரையே சல்லடை போட்டுச் சலித்த 2019 தேர்தலில்தான், ஏப்ரல் 1 அன்று, காட்பாடிப் பக்கம் ஒரு சிமெண்ட் கிடங்கில் வருமான வரித்துறை 11 கோடியே 48 லட்சம் ரூபாயைக் கண்டெடுத்தது. பெரும்பகுதி 200 ரூபாய்த் தாள்கள். வார்டு வாரியாகப் பிரித்து, பெயர் எழுதி, கட்டிவைத்திருந்தார்கள். ரேஷன் கடையில் பருப்பு வந்ததா இல்லையா என்று சொல்லத் திராணியற்ற நாட்டில், எந்த வார்டுக்கு எவ்வளவு என்று பிசகாமல் கணக்கு எழுதத் தெரிந்த நிர்வாகத் திறமை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அன்று தெரிந்தது. கிடங்கு திமுக வேட்பாளர் கதிர் ஆனந்துக்கு வேண்டிய கட்சிக்காரர் தரப்புடையது என்றது வருமான வரித்துறை. அரசியல் உள்நோக்கம் கொண்ட சோதனை என்றது திமுக. யார் சொன்னது சரி என்று நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு ஒரு சின்னச் சந்தேகம். ஆட்டுக்காரன் மடியில் இருந்த 51,000 கேமரா கண்ணுக்குத் தெரிந்ததே, கோடிகள் கிடங்குக்கு வந்து சேர்ந்த வண்டி எந்தத் திருப்பத்திலும் தெரியவில்லையா? சிமெண்ட் மூட்டைக்கு நடுவே வருகிற பணத்துக்கு மட்டும் கேமராவில் தூசி படிந்துவிடுமா?

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கையில், ஏப்ரல் 16 அன்று, வேலூர் மக்களவைத் தேர்தலைக் குடியரசுத் தலைவர் ரத்து செய்தார். பணப் பட்டுவாடாவுக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது இந்தியாவில் அதுவே முதல்முறை. வேலூருக்குக் கோட்டை, சிறை, சிஎம்சி மருத்துவமனை ஆகியவற்றோடு நான்காவதாக ஒரு பெருமை சேர்ந்தது.

நகைச்சுவை இதற்குப் பிறகுதான். வேலூர் மக்களவைத் தொகுதிக்குள் அடங்கிய ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் சட்டமன்ற இடைத்தேர்தல் அதே ஏப்ரல் 18 அன்று நடக்க இருந்தது. அவை நடந்தன. அதே தெரு, அதே வாக்காளர், அதே விரல். மக்களவைக்கு ஓட்டுப் போட்டால் பணத்தால் கறைபட்ட விரல். சட்டமன்றத்துக்குப் போட்டால் பத்தரை மாற்றுத் தங்கம். ஒரே சட்டிக் குழம்பில் பாதி கெட்டுப்போய்ப் பாதி நன்றாக இருந்த அதிசயத்தை யாரும் விளக்கவில்லை.

ரத்தான தேர்தலை ஆகஸ்ட் 5 அன்று நடத்தினார்கள். காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து போன நாள். அதனால் வேலூரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டுக்காரர்கள் மட்டும் பார்த்தார்கள். ஏனென்றால் அந்த வருடம் பக்ரீத் ஆகஸ்ட் 12. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று சுற்றிலும் இஸ்லாமியர் நிறைந்த தோல் தொழில் ஊர்கள். ஒடுகத்தூர்ச் சந்தைக்கு வருடத்தில் இதைவிடப் பெரிய பருவம் இல்லை. ஜூலை தொடக்கத்தில் மறுபடி நடத்தை விதி, மறுபடி பறக்கும் படை, மறுபடி 50,000. பக்ரீத்துக்கு முந்தைய கடைசி வெள்ளிக்கிழமை ஆகஸ்ட் 9. அன்றுதான் வாக்கு எண்ணிக்கை. பணம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட கட்சியின் அதே வேட்பாளர் 8,141 ஓட்டு வித்தியாசத்தில் வென்று டெல்லிக்குப் போனார். கோடிகள் பிடிபட்ட குற்றத்துக்கான தண்டனையைக் கிடாய் வளர்த்தவன் ஒரே வருடத்தில் இரண்டு முறை அனுபவித்து முடித்தான்.

ரொக்கத்தின் மேல் இந்தச் சந்தேகம் அதற்கும் முந்தையது. 2016 நவம்பர் 8 ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய் என்றால் இங்கே பொய்கை மாட்டுச் சந்தை. பகலில் மாட்டை விற்று ஆயிரம் ரூபாய்த் தாளாக வாங்கி முடிந்துகொண்டு போனவர்களுக்கு, இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் தோன்றிய பிரதமர் அது வெறும் தாள் என்று சொன்னார். மாட்டைத் திருப்பிக் கேட்க முடியுமா? கறுப்புப் பணத்தின் மீதான போர் என்றார்கள். போரில் விழுந்தது யார் என்று அந்த வாரம் வங்கி வரிசையில் நின்றவர்களின் வேட்டி சேலையைப் பார்த்தாலே தெரிந்தது. மூன்று வருடத்தில், புத்தம் புதிய 200 ரூபாய்த் தாளாக, வார்டு பெயரோடு சிமெண்ட் கிடங்கில் எதிரி உயிர்த்தெழுந்துவிட்டான்.

“ஜனங்கள் ஓட்டை விற்கிறார்கள்” என்று நகரத்துப் பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். மகனுக்கு மருத்துவ இடம் வாங்க நன்கொடை கொடுத்தவர், மனை வாங்கியபோது பாதியைக் கறுப்பில் தள்ளியவர், மின் இணைப்புக்கு ‘கவனித்தவர்’ எல்லாம் மாலை நடைப்பயிற்சியில் இந்த வருத்தத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஓட்டுக்குப் பணம் வாங்கிய குடும்பத்தில் அந்தப் பணம் ஒரு வாரம்கூடத் தங்காது. அது போகும் இடத்தைப் பாருங்கள்.

முதலில் குழு லோன். காலையிலேயே பைக்கில் ஒரு தம்பி வருவான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் மொபைல். தெருவில் பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு குழு. ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்றவர்கள் கைக்காசு போட்டுக் கட்ட வேண்டும், அல்லது அவள் வாசலில் உட்கார வேண்டும். கடன்காரனே வந்து கதவைத் தட்டுவது பழைய வழக்கம். அதில் அவனுக்குக் கெட்ட பெயர், கூலிச் செலவு வேறு. இப்போது அந்த வேலையைப் பக்கத்து வீட்டுக்காரியே இலவசமாகச் செய்கிறாள். சொத்து ஜாமீன் இல்லாத கடன் என்று விளம்பரம் செய்கிறார்கள், பொய். நட்பும் உறவும்தான் ஜாமீன். அக்கா என்று கூப்பிட்டவள் அந்த வாசலில் எல்லோருக்கும் முன்னால், “மல்லிகைப் பூ வாங்க காசு இருக்குதே, தவணைக்கு இல்லையா?” என்று கேட்டுவிட்ட பிறகு, ஆழாக்கு அரிசி கைமாத்து கேட்க அந்த வீட்டுப் படி ஏற முடியுமா? முன்பெல்லாம் ஒருத்தி வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் தெருவுக்குக் கவலை. இப்போது அவள் வீட்டில் புது சேலை வந்தால் தெருவுக்குக் கவலை.

ரிசர்வ் வங்கி இதையெல்லாம் கவனிக்காமல் இல்லை. 2022-ல் கொண்டுவந்த விதிப்படி, வருடம் 3 லட்சத்துக்குள் வருமானமுள்ள குடும்பம் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடனுக்குக் கட்டும்படி ஆகக் கூடாது. பாதி வரை போகலாம். மும்பையில் குளிரூட்டிய அறையில் கணக்குப் போட்டு, ஏழையின் சோற்றில் பாதியை எடுத்துக்கொள்ளலாம் என்று தாராளமாக அனுமதித்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ஜமீன் வாரமும் இதே பாதிதான். ஜமீன்தாருக்கு ரிசர்வ் வங்கியின் சான்றிதழ் மட்டும் கிடைக்கவில்லை. வற்புறுத்தி வசூல் செய்வதற்கு எதிராக 2025-ல் தமிழக அரசும் ஒரு சட்டம் இயற்றியது. நல்லது. வாசலில் உட்கார்வது கம்பெனிக்காரன் என்றால் அவன்மேல் வழக்குப் போடலாம். உட்கார்வது சித்தப்பன் மகள் என்றால்?

அப்புறம் மொய். பத்திரிகை வைத்தால் போகாமல் இருக்க முடியாது. போனால் நோட்டில் பெயர் ஏறாமல் சாப்பிட முடியாது. ஆவணி, தை மாதங்களில் நாலு முகூர்த்தம் ஒன்றாய் வந்தால் ஒரு கிடாய் காலி. இதற்கு மேல் மொய்யைப் பற்றிச் சொன்னால் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

அந்த ஆடுகள் இறங்கிவருகிற மலைக்கு மேலே போவோம். ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது, புளி உண்டு, தேன் உண்டு. சாமைச் சோறு தின்பவன் என்று மலையாளிப் பழங்குடியினரைக் கீழ்நாட்டார் கேலி பேசிய காலம் இருந்தது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, அதே சாமை பச்சை நிற உறையில் ஏறிச் சென்னையில் சர்க்கரை நோயாளிகளுக்கு மருந்தாகிவிட்டது. உறையில் மலையின் படம். விலையில் மலைக்காரனுக்குப் பங்கு சொற்பம். புளியும் அப்படித்தான். அவசரத்துக்கு முன்பணம் கொடுத்தவன், மரத்தில் காய் இருக்கும்போதே விலையை முடித்துவிடுவான். கீழே இறங்குகிற எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. சாமை இறங்குகிறது, புளி இறங்குகிறது, ஆடு இறங்குகிறது, கூலிக்கு ஆள் இறங்குகிறது. கீழிருந்து மேலே ஏற வேண்டியதற்குத்தான் வழி இல்லை.

2023 மே மாதக் கடைசியில், அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. பாதை இல்லை. தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், மருத்துவமனையை எட்டுமுன் குழந்தை இறந்துவிட்டது. உடற்கூறாய்வு முடிந்து உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ், அதற்கு மேல் போக முடியாது என்று நடுவழியில் இறக்கிவிட்டது. தாய் அந்தப் பிணத்தைக் கையில் ஏந்திக் கிலோமீட்டர் கணக்கில் மலையேறினார். படம் நாடு முழுக்கப் போனது. அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள், சாலை போடுவோம் என்றார்கள். அதுவரை ஏன் போடவில்லை? வனத்துறை நிலம், அனுமதி வேண்டும்.

வனம் என்றால் அனுமதி வேண்டும்தான். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் அதற்கும் வழி சொல்லியிருக்கிறார்கள். சாலை, பள்ளி, மருந்தகம், ரேஷன் கடை போன்றவற்றுக்கு, கிராம சபை பரிந்துரைத்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட காட்டு நிலத்தை ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, அவ்வளவுதான். மூன்று மீட்டர் அகலத்தில் மூன்று கிலோமீட்டர் பாதை அந்த அளவுக்குள் அடங்கும். 2006-லிருந்து 2023 வரை அந்தச் சட்டப் புத்தகத்தை யார் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள்? வாக்குப்பதிவு இயந்திரம் இந்த மலைகளுக்கு எந்தத் தேர்தலிலும் போகாமல் இருந்ததில்லை. எப்படியாவது தூக்கிக்கொண்டு ஏறி, மறுநாள் பத்திரமாக இறக்கிவிடுகிறார்கள். இயந்திரத்தைப் பாம்பு கடித்தால் அன்றே சாலை வந்துவிடும்.

இதே மலையில் மரத்தை வெட்டிப் பணம் பண்ணியவர்களுக்கு 75 என்ற கணக்கு இருந்ததில்லை. ஜவ்வாது மலை ஒரு காலத்தில் சந்தன மலை. சந்தனத்தைத் திருடர்களும் தரகர்களும் அவர்களுக்குத் துணைபோனவர்களும் சேர்ந்து மொட்டையடித்து முடித்த பிறகு, கோடரி பிடிக்கத் தெரிந்த கைகள்தான் மிச்சம். அந்தக் கைகளுக்கு ஆந்திர எல்லைக்கு அப்பால், சேஷாசலம் காட்டில் வேலை வந்தது: செம்மரம். கடப்பை, சித்தூர், நெல்லூரை ஒட்டிய கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம். சீனத்தில் பணக்காரர் வீட்டு மேசை நாற்காலிக்கு, ஜப்பானில் இசைக் கருவிக்கு. தரமான கட்டை டன்னுக்குப் பல லட்சம். வெட்டுபவனுக்குச் சில நாளில் பல மாதக் கூலி. மேஸ்திரி வருவான், முன்பணம் கொடுப்பான், வண்டி ஏற்றுவான். மேஸ்திரிக்கு மேல் ஏஜெண்ட், ஏஜெண்டுக்கு மேல் யார் என்று வெட்டுபவனுக்குத் தெரியாது. போலீசுக்கும் தெரியாதாம்.

அந்தக் காட்டில் 2013 டிசம்பரில் ஆந்திர வனத்துறை அலுவலர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொடுமைதான், அவர்களும் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். அதற்காகத் தமிழ்நாட்டுக் கூலிகள் நூற்றுக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று, ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தவர். ஜவ்வாது மலைக்காரர்கள் அதில் பலர். கோடரியும் கல்லும் கொண்டு தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். பேருந்தில் வந்தவர்களை இறக்கிக் கூட்டிப்போனார்கள் என்று தப்பிவந்தவர்கள் மனித உரிமை ஆணையத்தின் முன் சொன்னார்கள். செம்மரத்தை வாங்கியவன் ஒருவனாவது அந்தக் காட்டில் அன்று செத்தானா? அவன் காட்டுக்கு ஏன் வரப்போகிறான்? பிடிபட்ட கட்டைகளை ஆந்திர அரசே தரம் பிரித்து, ஏ, பி, சி என்று எழுதி, உலகளாவிய ஏலத்தில் விற்கிறது. இறந்தவர்களைத் தரம் பிரிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. எல்லோரும் ஒரே தரம்.

தேசிய மனித உரிமை ஆணையம் இடைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. ஆந்திர அரசு அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தமிழக அரசு குடும்பத்துக்கு 3 லட்சம் அறிவித்தது. 20 உயிருக்கு 60 லட்சம். நான்கு வருடம் கழித்து வேலூரில் நின்ற ஒரு மக்களவை வேட்பாளர், சுவரொட்டிக்கும் வண்டிக்கும் மாலைக்கும் மேடைக்கும் சட்டப்படி செலவு செய்யத் தேர்தல் ஆணையம் அனுமதித்த உச்சவரம்பு 70 லட்சம். கிடங்கில் கிடந்தது தனி. அந்த 70 லட்சம் வேட்பாளர்களுக்குப் போதவில்லை என்பதால், விலைவாசி ஏறியிருப்பதைக் கருணையோடு கணக்கில் எடுத்து, 2022 ஜனவரியில் அதை 95 லட்சமாக உயர்த்திக் கொடுத்தார்கள்.